புகை ஏன் திரும்பி வருகிறது?

மேற்காவுகைப் பாடத்தின்போது "சூடான வளி மேலெழும்" என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். பின்வரிசையில் இருந்து ஒரு கேள்வி வந்தது. "அப்ப எங்கட குசினிப் புகை மட்டும் ஏன் டீச்சர் மேல போகாம திரும்பி வருது? சிம்னியும் கட்டித்தானே வெச்சிருக்கு."

வகுப்பு சிரித்தது. அடுத்த நாள் இன்னும் ஐந்தாறு பேர் அதே முறைப்பாட்டோடு வந்தார்கள். அதன் பிறகு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, அனுமதித்த வீடுகளின் குசினிகளை நானும் சில மாணவிகளும் போய் அளந்தோம். அங்கே கண்டதையும், புகைபோக்கி பற்றி நான் படித்து அறிந்ததையும் சேர்த்தே இதை எழுதுகிறேன். மாணவிகளுக்கு இது ஒரு பௌதிகவியல் பாடம். வீடு கட்டிக்கொண்டிருக்கும் அல்லது குசினியைத் திருத்த நினைக்கும் பெற்றோருக்கு இது ஒரு செலவுக் கணக்கு. செங்கல்லால் கட்டிய புகைபோக்கியைப் பின்னர் உடைத்துத் திருத்துவது இலேசான காரியமன்று.

2022இல் எரிவாயு சிலிண்டருக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது, எங்கள் பகுதியில் பலர் கைவிட்டிருந்த விறகடுப்பை மீண்டும் மூட்டினார்கள். பின்னர் எரிவாயு கிடைத்தாலும், விலையை எண்ணி சோற்றுக்கும் இறைச்சிக்கும் விறகையே வைத்துக்கொண்டவர்கள் நிறைய. அதற்கு முன்பும் நாடு பெரும்பாலும் விறகில்தான் சமைத்தது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் முக்கால்வாசிக்கும் கூடுதலான வீடுகளின் பிரதான எரிபொருள் விறகுதான். புதிதாக அடுப்புத் திட்டுக் கட்டியவர்கள் அதன்மேல் கூடும் புகைபோக்கியும் வைத்தார்கள். கதவு நிலைக்கும் ஜன்னலுக்கும் அரை அங்குலக் கணக்குப் பார்க்கும் நாம், புகைபோக்கிக்கு மட்டும் "பாஸ், ஒரு ஓட்டையை வெச்சு மேல எடுங்க" என்று சொல்லிவிடுகிறோம். அவரும் கையில் இருக்கும் கல்லின் அளவுக்கு ஒன்றைக் கட்டிவிட்டுப் போகிறார்.

மூன்று சொற்களை முதலில் பிரித்துக்கொள்வோம். வெளியே கோபுரம்போலத் தெரிவது புகைபோக்கி. அதன் உள்ளே புகை ஏறும் வெற்றிடத்தைப் புகைவழி என்கிறேன். அடுப்புத் திட்டுக்கும் மேலே தொங்கும் கூட்டின் விளிம்புக்கும் இடையே, நாம் நின்று சமைக்கும் பக்கமாகத் திறந்திருக்கும் இடம் அடுப்பின் வாய். சுவரின் தடிப்பு இக்கணக்கில் சேராது. வெளியே 18 அங்குலம் தெரியும் புகைபோக்கியின் உள்ளே புகைவழி 9 அங்குலம் மட்டுமே இருக்கலாம்.

புகையை மேலே இழுப்பது எது? புகைபோக்கிக்கு இழுக்கும் சக்தி ஒன்றும் இல்லை. உள்ளே இருக்கும் சூடான வளி இலேசானது, வெளியே இருக்கும் வளி பாரமானது. பாரமான வளி அடுப்பின் வாய் வழியாகப் புகுந்து இலேசானதை மேலே தள்ளுகிறது. கிணற்று வாளியில் வெற்றுப் போத்தலை அமுக்கிவிட்டால் அது மேலே துள்ளி வருவதும் இதே காரணத்தால்தான். வெளியே 30 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு கனமீற்றர் வளியின் திணிவு ஏறத்தாழ 1.165 கிலோகிராம். புகைவழியில் 150 பாகை இருந்தால் அங்கே அதே கனமீற்றர் 0.835 கிலோகிராம். வித்தியாசம் 0.33. இதை ஈர்ப்பு ஆர்முடுகல் 9.81ஆலும், புகைபோக்கியின் உயரம் 5 மீற்றர் என்று வைத்து அதனாலும் பெருக்கினால் 16 பஸ்கால் வருகிறது. ஒரு குவளைத் தண்ணீரின் மட்டம் ஒன்றரை மில்லிமீற்றர் அளவு உயர்ந்தால் எவ்வளவு அமுக்கம் கூடுமோ, அவ்வளவுதான் இந்த இழுவை. இவ்வளவு மெல்லிய விசையை நம்பித்தான் குசினி இருக்கிறது. குசினியை மூடிக்கொண்டு வெளியகற்றும் மின்விசிறியைப் போட்டால், அது புகையைப் புகைவழியிலிருந்தே கீழே இழுத்துவிடும்.

அதே புகைவழியில் வெப்பநிலை 60 பாகைக்கு இறங்கினால் இழுவை 5 பஸ்கால் ஆகிவிடும், மூன்றில் ஒரு பங்கு. ஆகவே புகைபோக்கி வேலை செய்ய வேண்டுமென்றால் புகை சூடாக இருக்க வேண்டும், சூடு ஆறுவதற்குள் வெளியேறவும் வேண்டும். அளவு பற்றிய எல்லாக் கணக்கும் இதிலிருந்துதான் பிறக்கிறது.

உயர்தர மாணவிகளுக்காக ஓர் இடைச்செருகல். நுவரெலியாவின் 10 பாகைக் குளிரில் இழுவை மிகவும் கூடும் என்றுதான் நானும் எதிர்பார்த்துக் கணக்குப் போட்டேன். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே வளிமண்டல அமுக்கம் கரையோரத்தில் உள்ளதன் 80 சதவீதமளவுதான். உள்வளி, வெளிவளி இரண்டின் அடர்த்தியும் அதே வீதத்தில் குறைந்துவிடுகிறது. குளிரால் கிடைக்கும் இலாபத்தை உயரம் எடுத்துக்கொள்ள, புகைவழி 150 பாகையில் இருந்தால் விடை மறுபடியும் 16 பஸ்கால்தான். நீங்களும் செய்து பாருங்கள், நல்ல பயிற்சி.

இனி அளவுக்கு வருவோம். நம் வீடுகளில் உள்ளது போன்ற திறந்த அடுப்புக்குப் பல நாட்டுக் கட்டட விதிகளில் உள்ள ஒரு பழைய கணக்கு உண்டு. புகைவழியின் பரப்பளவு அடுப்பு வாயின் பரப்பளவில் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். புகைவழி வட்டமாக இருந்தால் பன்னிரண்டில் ஒரு பங்கு போதும். சதுரத்தின் மூலைகளில் புகை தயங்கி நிற்கும், அதே பரப்புக்கு உராயும் சுவரும் கூடுதல். அதனால்தான் வட்டத்துக்கு இந்தச் சலுகை.

ஏன் பத்தில் ஒன்று? தொடர்ச்சிச் சமன்பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். புகைவழியில் வளி செக்கனுக்கு 2.5 மீற்றர் வேகத்தில் ஏறினால், அதைப்போல் பத்து மடங்கு அகன்ற வாயில் அது செக்கனுக்குக் கால் மீற்றர் வேகத்தில் உள்ளே நுழையும். வெப்பநிலை வித்தியாசத்தை இங்கே விட்டுவிடுகிறேன். இந்தக் கால் மீற்றர் வேகம் புகையை உள்ளேயே தடுத்து வைக்கப் போதுமானது. வாயை இரண்டு மடங்காக்கினால் வேகம் பாதியாகும். யாராவது பக்கத்தால் வேகமாக நடந்து போனாலே, சேலைத் தலைப்பின் காற்றுக்கே புகை வெளியே வந்துவிடும்.

எங்கள் அயல் வீட்டு மாமியின் குசினியில் நாங்கள் எடுத்த அளவு இது. அடுப்பு வாய் 5 அடி அகலம், 3 அடி உயரம். அங்குலத்தில் 60ஐ 36ஆல் பெருக்கினால் 2,160 சதுர அங்குலம். பத்தில் ஒன்று 216. அப்படியென்றால் புகைவழி 15 அங்குலச் சதுரத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். அங்கே இருந்ததோ 9 அங்குலச் சதுரம், 81 சதுர அங்குலம். வாயின் ஏறத்தாழ இருபத்தேழில் ஒரு பங்குதான். கட்டிய பாஸ் வந்து பார்த்து, இன்னும் ஆறடி உயர்த்தினால் சரிவரும் என்று ஒரு செலவுக் கணக்குச் சொன்னார். உயர்த்தினால் இழுவை கூடும் என்பது பொய்யில்லை. ஆனால் இழுவையை இரட்டிப்பாக்கினாலும் வேகம் இரட்டிப்பாவதில்லை. வேகம் இழுவையின் வர்க்கமூலத்தோடுதான் கூடும். நீண்ட சுவரில் உராய்வும் சூட்டிழப்பும் சேர்ந்துகொள்ளும். அந்தக் குசினியின் பற்றாக்குறையை ஆறடி தீர்க்காது.

புகைவழியைப் பெருப்பிக்க முடியாவிட்டால் வாயைச் சிறிதாக்கலாம். 81 சதுர அங்குலப் புகைவழி 810 சதுர அங்குல வாயைத் தாங்கும். திட்டின் இரு பக்கமும் ஒவ்வோர் அடி செங்கல் வைத்து வாயை 36 அங்குல அகலமாக்கினோம். மேலே கூட்டின் விளிம்பிலிருந்து தகரம் ஒன்றைத் தொங்கவிட்டு உயரத்தை 22 அங்குலமாக்கினோம். 36ஐ 22ஆல் பெருக்க 792. கணக்குச் சரி. மாமிக்குச் சரிவரவில்லை. "அப்ப சோத்துப் பானைய எப்படி மகள் எறக்குற? தகரத்துல இடிபடுமே" என்றார். நியாயமான கேள்வி. பானை இறக்கும் சிரமத்தை எந்தச் சூத்திரமும் கணக்கில் எடுப்பதில்லை. தகரத்துக்கு இரண்டு பிணைச்சல் பூட்டி, பானை ஏற்றி இறக்கும்போது மேலே தூக்கிக் கொளுவும்படி செய்துகொடுத்தார் அவருடைய மகன். இப்போது தீ மூட்டும் முதல் ஐந்து நிமிடத்தையும் தகரம் தூக்கியிருக்கும் வேளையையும் தவிர, புகை குசினிக்குள் வருவதில்லை. செலவு ஒரு தகரமும் அரை நாள் கூலியும்.

நேர்மாறான வீட்டையும் கண்டோம். புகைவழி 18 அங்குலச் சதுரம், கீழே சின்ன அடுப்பு. வாயோ 36க்கு 24, அதாவது 864 சதுர அங்குலம். புகைவழி 324. பத்தில் ஒன்றுக்குப் பதிலாக மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். பெரிது என்றால் நல்லதுதானே என்று வீட்டார் நினைத்திருந்தார்கள். ஒரு சட்டிக் கறி வேகும் தீயின் சூடு அவ்வளவு பெரிய செங்கற் குகையைச் சூடாக்கப் போதாது. புகை அங்கே மெதுவாக ஏறி, பாதி வழியில் ஆறி, பாரமாகித் தொங்கியது. அதே புகைவழியின் ஒரு பக்கத்தால் குளிர்ந்த வளி கீழே இறங்கிக்கொண்டிருந்தது. மழை நாளில் கரி கலந்த கறுப்புத் தண்ணீர் சட்டிக்குள் சொட்டியதாம். அந்த வீட்டில் புகைவழிக்குள் 10 அங்குல உலோகக் குழாய் ஒன்றை இறக்கி, சுற்றியுள்ள இடைவெளியைக் கீழ்ப்பக்கத்தில் தகட்டால் மூடச் சொன்னோம். வட்டக் குழாயின் பரப்பு ஏறத்தாழ 78 சதுர அங்குலம், 864இன் பன்னிரண்டில் ஒன்று 72. போதும்.

மண்ணால் செய்த அனகி அடுப்பு பற்றியும் கேட்கிறார்கள். 1980களில் இந்நாட்டில் உருவாக்கப்பட்டுப் பரவிய இந்த இரட்டை அடுப்பு விறகை மிச்சப்படுத்துவது உண்மை. முதற் சட்டிக்கு அடியில் எரியும் சுவாலையின் மிச்சச் சூடு இரண்டாவது சட்டிக்குப் போகிறது. ஆனால் அதற்குப் புகைக்குழாய் கிடையாது. புகை குறையும், வீட்டுக்குள்ளேயே நிற்கும். அதைக் கூட்டுக்குக் கீழே சுவரோடு ஒட்டி வையுங்கள். கணக்கு அனகியின் அளவைப் பொறுத்ததன்று, கூட்டின் வாயைப் பொறுத்தது.

மூடிய அடுப்புக்குக் கணக்கு வேறு. கதவுள்ள இரும்பு அடுப்பில் வளி சிறு துவாரங்களால் மட்டும் நுழைகிறது. ஆகவே அடுப்பின் பின்புறத்தில் அல்லது மேலே செய்தவர் வைத்திருக்கும் குழாய் வாய்தான் அளவுகோல். புகைவழி அதைவிட ஒருபோதும் சிறிதாகக் கூடாது. பெரிதாக இருந்தால், வீட்டுக்கு உள்ளே எழும் புகைபோக்கியில் அந்தப் பரப்பின் மூன்று மடங்குவரை பொறுக்கலாம். சுவர் வெளிக் குளிரில் நிற்கும் புகைபோக்கியில் இரண்டு மடங்குதான். எனது சாச்சா மேற்பார்வையாளராக இருந்த நுவரெலியாப் பங்களா ஒன்றில், வெள்ளைக்காரர் காலத்துத் திறந்த கணப்படுப்பின் 12 அங்குலச் சதுரப் புகைவழிக்குக் கீழே 6 அங்குல வாயுள்ள புதிய இரும்பு அடுப்பைக் கொண்டுவந்து வைத்தார்கள். 6 அங்குல வட்டத்தின் பரப்பு 28 சதுர அங்குலம், புகைவழியின் பரப்பு 144. ஐந்து மடங்கு. இரண்டே மாதத்தில் புகைவழிச் சுவரில் கீல் போன்ற கறுப்புப் படிவு ஒழுகத் தொடங்கியது. ஆறிய புகையிலுள்ள நீராவியும் எரியாத எண்ணெய்ப் பொருள்களும் ஒடுங்கி அப்படிப் படியும். அது தானே தீப்பற்றக்கூடிய பொருள். அடுப்பு வாயிலிருந்து கூரைக்கு மேலேவரை 6 அங்குல உருக்குக் குழாய் ஒன்றை இறக்கிய பிறகே அது சீரானது.

இக்கணக்குகளுக்கு அடிகோலியவர்களில் ஒருவர் உங்கள் பௌதிகவியல் புத்தகத்தின் வெப்ப அலகோடு தொடர்புள்ளவர். அமெரிக்காவில் பிறந்த பெஞ்சமின் தொம்சன், ரம்ஃபோர்ட் பிரபு என்று அறியப்பட்டவர். மியூனிச்சில் பீரங்கிக் குழல் துளைக்கும்போது பிறக்கும் வெப்பத்தை ஆராய்ந்து, வெப்பம் ஒரு பாய்பொருள் அல்ல என்று 1798இல் வாதிட்டவர். அதற்கு இரண்டு ஆண்டு முன்னர், 1796இல், அவர் எழுதியது புகை கக்கும் கணப்படுப்புகளைப் பற்றி. இலண்டன் வீடுகளில் புகைவழியின் தொண்டை ஆள் நுழையும் அளவுக்கு அகன்றிருந்தது. அவர் அதை நான்கு அங்குலமளவுக்கு ஒடுக்கினார், அடுப்பின் ஆழத்தைக் குறைத்தார், பக்கச் சுவர்களைச் சாய்த்தார். அகலமே புகையைப் போக்கும் என்று நம்பியிருந்தவர்களுக்கு அது ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். பீரங்கிப் பரிசோதனையைவிட இதுதான் அதிகம் பேருக்கு உதவியது என்பது என் அபிப்பிராயம். பரீட்சையில் கேட்பது பீரங்கியைத்தான்.

அளவு சரியாக இருந்தும் புகை வந்தால் வேறு இடங்களைப் பார்க்க வேண்டும். ஜன்னல், கதவு எல்லாம் மூடியிருந்தால் மேலே போகும் வளிக்கு ஈடாக உள்ளே வருவதற்கு வழியில்லை. ஒரு ஜன்னலைத் திறந்தால் போதும், அதுவும் அடுப்புக்கு நேர் எதிரே இல்லாமல். புகைபோக்கி கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து 3 அடியாவது மேலெழ வேண்டும். அத்தோடு பத்தடிச் சுற்றுவட்டத்தில் உள்ள முகடு, தண்ணீர்த் தாங்கி முதலிய எதையும்விட 2 அடி உயர்ந்திருக்க வேண்டும். தாழ்வாரத்தோடு நின்றுவிடும் புகைபோக்கிகளில் முகட்டைத் தாண்டி இறங்கும் காற்று புகையைக் கீழே அமுக்குகிறது. மழைக்கு மூடி போடும்போது மூடிக்கும் விளிம்புக்கும் இடையே உள்ள திறப்புகளின் மொத்தப் பரப்பு புகைவழிக்குக் குறையக் கூடாது. சதுரப் புகைவழிக்கு அந்த இடைவெளி பக்கத்தின் நான்கில் ஒன்று என்பதை நீங்களே நிறுவலாம். 9 அங்குலத்துக்கு இரண்டேகால் அங்குலம் வரும். அது ஆகக் குறைந்த அளவு, நான் அதன் இரு மடங்கை வைக்கச் சொல்வேன்.

பிவிசி குழாயைப் புகைக்குழாயாகப் பொருத்திய ஒரு வீட்டையும் பார்த்தோம். அது கொதிநீரின் சூட்டுக்கே தளர்ந்துவிடும் பொருள், எரிந்தால் நச்சு வாயு வரும். அன்றே கழற்றச் சொன்னோம். கூரைக் கைமரம் புகைபோக்கியைத் தொட்டுக்கொண்டிருக்கவும் கூடாது. குறைந்தது 2 அங்குலம் விலகியிருக்க வேண்டும்.

ஈர விறகுக்கு எந்த அளவும் உதவாது. அப்போதுதான் வெட்டிய இறப்பர் விறகின் பாரத்தில் பாதியளவு தண்ணீர்தான். தீயின் சூடு அதை ஆவியாக்குவதிலேயே செலவாகி, புகைவழிக்குக் குளிர்ந்த புகைதான் போகும். சஹர் நேரத்தில் அடுப்பு மூட்டும் உம்மாமார்களுக்குத் தெரியும், இரவு முழுதும் ஆறிக் கிடந்த புகைபோக்கி முதலில் புகையைத் துப்பும். ஒரு பழைய பத்திரிகைத் தாளைச் சுருட்டிக் கொளுத்திக் கூட்டின் உள்ளே உயர்த்திப் பிடித்தால் அதற்குள் இருக்கும் வளி சூடேறி வழி திறக்கும். அதன் பிறகு அடுப்பை மூட்டலாம். உடையின் கையை மடித்துக்கொண்டு செய்யுங்கள்.

இவ்வளவு கணக்கும் எதற்கு என்று ஒரு தகப்பனார் என்னிடம் கேட்டார், புகை எப்போதும் இருந்ததுதானே என்று. வீட்டுக்குள் எரியும் இத்தகைய எரிபொருள்களின் புகையால் 2020இல் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. சிறுபிள்ளைகளின் நியுமோனியாவும், முதியவர்களின் நாட்பட்ட சுவாச நோயும், இருதய நோயும் அதில் அடங்கும். அடுப்படியில் நிற்பவர் உம்மா, அவர் இடுப்பில் இருப்பது குழந்தை. கண்ணெரிவைத் தராத காபனோரொட்சைட்டு என்ற நிறமும் மணமும் அற்ற வாயுவும் அதில் உண்டு. மூடிய குசினியில் தணலை விட்டுவிட்டு உறங்குவது அதனால்தான் ஆபத்து. நாங்கள் அளந்த வீடுகளில் "எனக்குப் பழகிட்டு" என்று சொல்லாத உம்மா ஒருவர்கூட இல்லை. சொல்லும்போதே இருமிக்கொண்டிருந்தார்கள்.

கடைசியாக, சரியான அளவு சரியாகவே இருக்கும் என்றில்லை. 4 அங்குலக் குழாயின் சுவரில் சுற்றிவர அரை அங்குலம் கரி படிந்தால் மிஞ்சுவது 3 அங்குலக் குழாய். பரப்பில் பார்த்தால் பதினாறில் ஒன்பது பங்குதான். நோன்பு மாதத்தில் அடுப்பு அதிக நேரம் எரிவதால், அதற்கு முன் ஷஃபானிலேயே ஒருமுறை துடைப்பது வசதி. அடுப்பு நன்றாக ஆறிய பின், புகைவழிக்குச் சற்றுப் பெரிதாகத் தென்னந்தும்பைக் கட்டி, கீழே ஒரு கல்லையும் மேலே கயிற்றையும் பிணைத்து, கூரையில் ஏறத் தெரிந்த ஒருவர் மேலிருந்து ஏற்றி இறக்கினால் கரி உதிர்ந்துவிடும். கூட்டின் வாயை நனைத்த சாக்கால் மூடிவிடுங்கள், கரித்தூள் குசினி முழுதும் பறக்காது. துடைப்பவர் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும்.